கைக்காசு

எங்கள் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்துக்கு மட்டும்தான் பெண்கள் கையில் காசு விழும். ஆறு நாள் வேலைக்கு மாசக் கடைசியில் சம்பளம். அதைப் புருஷன்மார் போய் வரிசையில் நின்று வாங்கிக்கொள்வார்கள். அதற்கு மேல் ஞாயிறும் மலை ஏறினால், அன்று சாயந்தரமே கொழுந்தை நிறுக்கிற இடத்திலேயே காசு. கைக்காசு என்று அதற்குப் பேர்.

பக்கத்துக் காம்பிராவில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த சுப்பம்மா அந்த ஞாயிறுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். புசல்லாவையில் கட்டிக்கொடுத்த அவள் தங்கச்சி, தலைப்பிள்ளை செத்துப் பிறந்து, பாயை விட்டு எழும்பாமல் கிடந்தாள். பஸ்ஸுக்குக் காசு கேட்டால் புருஷன் கணபதி அடுத்த மாசம் என்பான். கெட்டவன் இல்லை அவன். ஊரில் அவன் அண்ணன் பார்க்கிற துண்டு நிலத்துக்கே எல்லாம் போய்விடும். நல்ல நிலம் போங்கள், ஒரு நெல்மணி இந்தப் பக்கம் வந்ததில்லை.

அன்றைக்கென்று புதுக் கணக்கப்பிள்ளை ராஜலிங்கம் வாயைத் திறந்தார். இனிமேல் கைக்காசும் மாசச் சம்பளத்தோடுதானாம். நாங்கள் கூடை நிறையப் பறித்து, நிறுக்கிற மடுவத்துக்கு வந்த பிறகு சொல்கிறார் பாருங்கள்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சுப்பம்மா கூடையைத் தராசில் வைக்காமல் கீழே இறக்கி, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். பிறகு ஒருத்தி மிச்சமில்லாமல் எல்லோரும். கூடைக்குள் அமுங்கிய கொழுந்து நேரமானால் சூடேறிச் சிவந்து வீணாகிவிடும். தோட்டத்துத் துரைக்குப் பதில் சொல்ல வேண்டியது ராஜலிங்கம்தான். அவர் ஆளனுப்பிக் கணபதியைக் கூப்பிட்டார்.

கணபதி வந்து அவளை எழும்பச் சொன்னான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் போறதுக்குள்ள அவ செத்துட்டா, ஒங்க அண்ணன் நெலத்துலயா போய் அழுவேன்?"

கணபதி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவள் காசை அவளிடமே கொடுத்துவிடும்படி கணக்கப்பிள்ளையிடம் மெல்லச் சொன்னான். ராஜலிங்கம் ஒரு கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தார். சூடு தெரிந்ததும் ஆபீசிலிருந்து காசுப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள், ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று சுப்பம்மா விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டாள். வழியனுப்ப நானும் கூடப் போனேன். கணபதியும் ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு எங்களோடு ரோட்டு வரைக்கும் வந்தான். பஸ் வந்து நின்றதும், பழக்கதோஷம், தானே டிக்கெட் வாங்கித் தருவதாகச் சொல்லிக் காசுக்குக் கையை நீட்டினான்.

"இல்லங்க, நானே குடுக்கிறேன்," என்றாள் சுப்பம்மா.

பொட்டலத்தை மட்டும் அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.