பொட்டலத்தில் வந்த மாத்திரை

சலவைக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இஸ்திரி போடுகிறவளுக்கு முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்? தம்பிதான் மருந்துக்கடை வைத்திருக்கிறானே. இரண்டு வருடமாக அவன் காகிதத்தில் மடித்துத் தந்த சின்ன வெள்ளை மாத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். "சத்து மாத்திரைக்கா" என்பான். வலி பறந்துவிடும். முகம் உப்பியதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரி, "பூசின மாதிரி ஆயிட்டியே!" என்று சிரித்தாள்.

ஒரு திங்கட்கிழமை, இஸ்திரி மேசையில் துருத்திக்கொண்டிருந்த ஆணி கெண்டைக்காலைக் கீறியது. நகக்கீறல் அளவுதான். மறுநாள் தோல் லேசாகத்தான் சிவந்திருந்தது. வலியோ உயிரை எடுத்தது.

"இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்று தம்பி வலி மாத்திரை கொடுத்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை காலையில் கால் கருநீலமாகிக் கொப்புளம் கட்டியது. கணவன் அவளை அள்ளிக்கொண்டு ஓடினான்.

"தோலுக்கடியில சதை அழுகிட்டே போகுது. ஊசி மருந்து மட்டும் போதாது, செத்த சதைய உடனே வெட்டி எடுக்கணும்," என்றார் அறுவை மருத்துவர். "சர்க்கரை வேற நானூறு இருக்கு. ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?"

தள்ளுகட்டிலில் கிடந்தவள் தம்பியைப் பார்த்தாள். செய்தி கேட்டு அவனும் ஓடிவந்திருந்தான். மருந்தின் பெயர் அவனுக்குத்தானே தெரியும்.

அவன் சுவரைப் பார்த்தான். "அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்."

கால் வலியைவிட அது சுருக்கென்று ஏறியது. அம்மா போனபிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

"இருக்கு டாக்டர்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "என் தம்பி, மருந்துக்கடை வச்சிருக்கான். ரெண்டு வருஷமா இவன்தான் குடுக்குறான். பேரை இவன்கிட்டயே கேளுங்க."

மருத்துவர் திரும்பினார்.

"ஸ்டீராய்டு," என்று முனகினான்.

"படிச்சவர்தானே நீங்க? சர்க்கரைய ஏத்தினதும் அதுதான், கிருமிய எதிர்க்குற சக்திய கொறச்சதும் அதுதான். இது தெரியாம மயக்கம் குடுத்திருந்தா பிரஷர் விழுந்து மேசையிலயே போயிருப்பாங்க."

மூன்று முறை வெட்டினார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கால் தப்பியது, நடை மட்டும் சாய்ந்துவிட்டது.

ஐந்தாவது வாரம் தம்பி வந்து கட்டிலோரம் நின்றான். "நீ வலியில துடிக்கிறத பாக்க முடியாமத்தான்க்கா..."

"உன் பொண்டாட்டிக்கும் முழங்கால் வலிதானே? அவள எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியே. அவளுக்கு ஏன் இந்தச் சத்து மாத்திரைய குடுக்கல?"

அவன் மறுபடியும் சுவரைப் பார்த்தான்.

அவள் கட்டு மாற்ற வந்த நர்ஸிடம் திரும்பினாள்.

"சிஸ்டர், இவர கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க."