புளி ஜாடியில் கார் சாவி

புரட்டாசி சனிக்கிழமை. நெற்றி நிறைய நாமத்துடன் பெங்களூர் கோரமங்களா அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலுக்கு இறங்கி வந்த பாலகுமார், தன் கார் டிரைவர் எத்திராஜைப் பார்த்து, “ஊது” என்றார்.

எத்திராஜ் புரியாமல் நின்றார்.

“வாயத் தொறந்து ஊதுப்பா.”

ஊதினார். பாலகுமார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“நேத்து சாயங்காலம் மச்சான் வூட்டு விசேஷம் சார். அப்ப குடிச்சதுதான். காலைல ஒண்ணும் குடிக்கல.”

“வாசனை அடிச்சா குடிதான். எப்போ குடிச்ச, எங்க குடிச்சேன்னெல்லாம் எதிர்ல வர்ற லாரி கேக்காது.”

சொன்ன வாக்கியம் அவருக்கே பிடித்துவிட்டது. சாயங்காலம் விருந்தாளிகள் முன்னால் இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். எத்திராஜிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு, “இனி வர வேணாம்” என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

சமையலறையில் அவர் மனைவி வித்யாலட்சுமி பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தாள். தொட்டியருகே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் ருக்கு. எத்திராஜின் மனைவி. பக்கத்து ஈஜிபுராவிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்கு வருவார்கள். ஊதச் சொன்னது முதல் எத்திராஜ் சொன்ன சாக்கு வரை, வாசலில் நடந்ததைப் பாலகுமார் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

“இந்தா வித்யா, பத்திரமா வை. குடிச்ச வாயோட எவன் வந்து கேட்டாலும் இந்தச் சாவியக் குடுக்கக் கூடாது” என்றவர், அது போதாதென்று தோன்றவே, கையை உயர்த்தி, “நானே வந்து கேட்டாலும்!” என்றார்.

வித்யா சாவியைப் புளி ஜாடிக்குள் போட்டு மூடினாள். ருக்கு தலை நிமிரவில்லை. தேய்ப்பு நார் மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு முன்னைவிடச் சத்தமாக உரசியது.

பாலகுமார் மென்பொருள் கம்பெனியில் மேனேஜர். ஆறு மாதம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவர். வரும்போது ஒரு தொப்பி, சீஸ் பற்றிய அபிப்பிராயங்கள், பச்சை நிறத்தில் ஒரு மூலிகை மதுப் புட்டி ஆகியவற்றைக் கொண்டுவந்தார். தொப்பி பெங்களூர் வெயிலுக்கு ஒத்துவரவில்லை. அபிப்பிராயங்களைக் கேட்க ஆளில்லை. புட்டி மட்டும் ஹாலில் கண்ணாடி அலமாரியில், மகள் வாங்கிய மாறுவேடப் போட்டிக் கோப்பைக்குப் பக்கத்தில், சீரியல் விளக்கு வெளிச்சத்தில் வீற்றிருந்தது. அன்று மாலை அதைத் திறப்பதாக ஏற்பாடு. வைஸ் பிரசிடெண்ட் சுந்தரமூர்த்தி வருகிறார். அடுத்து இரண்டு வருடம் ஜெர்மனி போகப்போவது யார் என்று முடிவு செய்பவர் அவர்தான்.

“புரட்டாசில போய் ஏங்க?” என்று கேட்டாள் வித்யா.

“இத சரக்குன்னு நெனைக்காத. அத்தனையும் வேரு, பட்டை, இலை. நம்ம அரிஷ்டத்துக்கு அண்ணன் தம்பி முறை.”

“அரிஷ்டம் குடிக்கவா வைஸ் பிரசிடெண்ட்டக் கூப்பிட்டிருக்கீங்க?”

பாலகுமார் எலுமிச்சம்பழம் தேடப் போய்விட்டார்.

விருந்து ஆறு மணிக்கே ஆரம்பித்தது. பாலகுமாரோடு வேலை பார்க்கும் ரகுவும் வந்திருந்தார். சுந்தரமூர்த்தியும் புரட்டாசி விரதக்காரர்தான். அதனால் முட்டை சேர்த்த பண்டம் ஒன்றும் மேசையில் இருக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. சுண்டல், வாழைக்காய் பஜ்ஜி, நடுவில் பச்சைப் புட்டி. கலக்குவதற்குச் சத்துமாவு டப்பாவோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் குலுக்கி. அளப்பதற்கு அரிஷ்டப் பாட்டிலின் கோடு போட்ட மூடி. மூடியால் அளந்ததும் மூவருக்கும் மனச்சாட்சி லேசாகிவிட்டது. மருந்தை யாராவது கணக்குப் பார்ப்பார்களா? இஞ்சிச் சாறு, எலுமிச்சை, தேன், சோடா எல்லாம் சேர்த்துக் குலுக்கி, துளசி மாடத்திலிருந்து பறித்த இலை ஒன்றை மேலே மிதக்க விட்டார் பாலகுமார்.

சுந்தரமூர்த்தி ஒரு வாய் உறிஞ்சிக் கண்களை மூடினார். “ம்ம்... ஒரு காடு தெரியுது பாலா.”

“எனக்கு நிலவேம்புதான் தெரியுது சார்” என்றார் ரகு.

“அதான்யா! உடம்ப சுத்தம் பண்ணுது!”

உடம்பு மும்முரமாகச் சுத்தமாகிக்கொண்டிருந்தது. பாலகுமார் காலையில் எடுத்து வைத்திருந்த லாரி வாக்கியத்தை எடுத்துவிட்டார். சுந்தரமூர்த்தி தொடையைத் தட்டி ரசித்தார்.

“கரெக்ட். இந்த டிரைவருங்களுக்கெல்லாம் குடிக்கத் தெரியாது. கல்ச்சர் இல்ல.”

“சரியாச் சொன்னீங்க சார். பாக்கெட் சாராயத்தக் கடிச்சுத் துப்பிட்டு ஊத்திக்கிறானுங்க.”

சுண்டல் கொண்டுவந்த ருக்கு தட்டை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்று மரியாதைக்காகச் சொல்கிறோம். மூன்று கோப்பைகளும் துள்ளின.

எட்டு மணிக்குச் சுந்தரமூர்த்தி கிளம்பினார். ஜெயநகரில் மாமனார் வீட்டில் சாப்பாடு.

“நானே புதுக் கார்ல கொண்டுபோய் விடறேன் சார்!” என்று எழுந்த பாலகுமார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “இந்த ருக்கு தரையச் சரியாவே தொடைக்கிறதில்ல. வழுக்குது. வித்யா, சாவி!”

வித்யா எதிரே வந்து நின்றாள். “ஊதுங்க.”

“என்ன?”

“காலைல எத்திராஜ ஊதச் சொன்னீங்கல்ல? அதே மாதிரி.”

“அது சாராயம்டி! இது மூலிகை!”

“எதிர்ல வர்ற லாரிகிட்ட அதச் சொல்லுவீங்களா?”

ரகு பஜ்ஜியை வாயில் வைத்தபடி அப்படியே நின்றார். பாலகுமார் குரலைத் தாழ்த்தினார். “வித்யா, ரெண்டு வருஷ ஜெர்மனி. வெளையாடாத.”

“ஜெர்மனி போனாப் போகட்டும். நம்ம பொண்ணுக்கு அப்பா வேணும்.”

அவர் நேராகச் சமையலறைக்குள் போய்ப் புளி ஜாடிக்குக் கையை நீட்டினார். ருக்கு ஜாடியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள், தண்ணீர்க் குடம்போல.

“குடு ருக்கு. வேலைய விட்டுத் தூக்கிருவேன்.”

“தூக்குங்க சார். காலைல எம் புருஷன், இப்ப நானு. ஒரே நாள்ல ரெண்டு பேரு, ஒரு வேலை முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோங்க. ஆனா சாவி வராது.”

“உன் புருஷனுக்கு வக்காலத்தா?”

“அந்தாளுக்கு நான் எதுக்கு வக்காலத்து வாங்கணும்? குடிச்சிட்டு வந்தான், தப்பு. நீங்க வெரட்டுனீங்க, நான் வாயத் தொறந்தனா? வூட்ல போய் நானும் நாலு வெக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா அவன் குடிச்சா குடி, நீங்க குடிச்சா வைத்தியமா? நல்லா இருக்குதே உங்க நியாயம்!”

ஹாலிலிருந்து சுந்தரமூர்த்தியின் குரல் கேட்டது. “பாலா, நான் ஆட்டோல போய்க்கறேன்பா.”

கீழே வந்து நின்ற ஆட்டோக்காரர் கிருஷ்ணப்பா வைஸ் பிரசிடெண்ட்டை மேலும் கீழும் பார்த்தார். காடு, கல்ச்சர் எதுவும் அவர் மூக்குக்குத் தெரியவில்லை. “வாந்தி எடுக்கறதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க சார், நிறுத்தறேன்” என்று தமிழில் சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் ஞாயிறு, ருக்குவுக்கு விடுமுறை. காலையில் தலை கனக்கப் பாலகுமார் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“சாவியக் குடு. சார் வீட்டுக்குப் போய் ஒரு சாரி சொல்லிட்டு வந்துடறேன்.”

வித்யா கிட்டே வந்தாள். மூக்கைச் சுளித்தாள். வேர், பட்டை, இலை எல்லாம் ராத்திரி முழுக்க ஊறியதில் குப்பென்று அடித்தது.

“அது நேத்து சாயங்காலம் குடிச்சது வித்யா. காலைல ஒண்ணும் குடிக்கல.”

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கேயோ கேட்ட வாக்கியம். வித்யா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வை தரைக்குப் போயிற்று. இன்று தரை வழுக்கவில்லை.

“எத்திராஜும் இதேதான் சொன்னான், இல்ல?” என்றார் மெதுவாக.

“அதே வார்த்தைங்க. நீங்க அவரக் காரெடுக்க விடாதது சரிதாங்க. இன்னிக்கு நீங்களும் எடுக்காதீங்க. ஆனா மாடிக்கு ஒரு சட்டம், வாசலுக்கு ஒரு சட்டம்னு இந்த வீட்ல இருக்காது. பாக்கெட்ல வந்தாலும் பச்சைப் புட்டில வந்தாலும் குடி குடிதான். குடிச்ச கைக்குச் சாவி கிடையாது, அது யார் கையா இருந்தாலும். அவர் வேலையப் பறிச்சீங்களே, அந்தத் தண்டனை உங்களுக்கும் உண்டுன்னா நாளைக்கு உங்க ஆபீஸும் கிடையாது. ஒத்துக்குவீங்களா?”

பாலகுமார் சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“ஈஜிபுராவுக்கு. நடந்துதான் போறேன். நாளைலேருந்து வேலைக்கு வரச் சொல்லிட்டு வரேன், ஊதிட்டு வண்டி எடுக்கட்டும்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்தார். “நானும் ஊதறேன்.”

“பல்லு வெளக்கிட்டுப் போங்க” என்றாள் வித்யா, ஜாடியை இறுக்கி மூடியபடி. “போனதும் மொதல்ல உங்கள ஊதச் சொல்லப் போறவ ருக்கு.”