மரியத்தின் இடத்தில் ஒரு கட்டம்

எனக்குக் கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கை கிடையாது. அதை ஓட்டுகிறவர்கள் மேலும் கிடையாது. ஆனால் இந்தத் தடவை தப்பு என்னுடையது. மறைக்கப் போவதில்லை.

சென்னிமலையில் எனக்கு விரிப்பு வியாபாரம். எகிப்து தேசத்துக் கிர்கிஸ் என்பவர் நாற்பது மேஜை விரிப்பு கேட்டிருந்தார். மகள் மரியத்துக்குக் கல்யாணம். விரிப்பின் மூலையில் மாப்பிள்ளை ஷெனூடாவின் முதல் எழுத்தும், பக்கத்திலேயே பெண்ணின் முதல் எழுத்தும் பூவேலையாக வர வேண்டும். காப்டிக் என்று அவர்கள் கோயிலில் ஓதுகிற பழைய பாஷையின் எழுத்தாம்.

போத்தனூரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் வைத்திருக்கும் ரம்ஷாவிடம் வேலையைக் கொடுத்தேன். கெட்டிக்காரப் பெண். கெட்டிக்காரர்களைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மெயிலில் வந்த எழுத்துகளைத் திரையில் ஏற்றினாள். மாப்பிள்ளை எழுத்து வாலோடு ஜம்மென்று வந்தது. பெண்ணின் எழுத்து வெறும் கட்டம். நாலு கோடு, உள்ளே ஒன்றுமில்லை.

"இது எழுத்தாட்டத் தெரியலீங்கய்யா. ஒரு வார்த்தை கேட்டுப்போடலாங்க" என்றாள்.

கூடவே கூடாது என்றேன். முன்பு ஒரு தறிக்காரன் பார்டரை அழகு பண்ணுகிறேன் என்று மாற்றிப் போட்டு, முழுச் சரக்கும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து பார்ட்டி அனுப்பிய மாதிரியில் யாரையும் கை வைக்க விடுவதில்லை.

"கட்டம் வந்தாக் கட்டத்தப் போடு அம்மணி. அவுங்க எழுத்து உனக்குத் தெரியுமாக்கும்?"

பன்னிரண்டு விரிப்பு முடிந்தது. அவளுக்கு மனசு கேட்காமல் என்னிடம் சொல்லாமலே கிர்கிஸுக்குப் படம் அனுப்பிவிட்டாள். உடனே வீடியோவில் கூப்பிட்டார்கள். கல்யாணப் பெண்ணே வந்து இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். ரம்ஷா வாயைப் பொத்திக்கொண்டு எனக்குச் சொன்னாள்:

"ஷெனூடா என்னையக் கட்டறாரா, ஜன்னலக் கட்டறாரான்னு கேக்குதுங்க."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அடுத்த நாள் பார்சல் ஏற்ற வேண்டும். பெண்ணின் பேர் இல்லாத கல்யாண விரிப்பு யாருக்கு வேண்டும்? நீதான் எதையோ அமுக்கிக் கெடுத்தாய் என்று ரம்ஷா மேல் பாய்ந்தேன்.

"மெயில்ல எழுத்து வாரதில்லீங்க, நம்பர்தான் வருது. உருவம் நம்ம மிஷின் ஃபாண்ட்ல இருக்கோணும். இல்லீனா கட்டத்தக் காட்டிப்போடும்."

உலகத்தில் எல்லா எழுத்துக்கும் இப்படி ஒரு கதவிலக்கம் உண்டாம். ஷெனூடா எழுத்துக்கு 03E2, மரியம் எழுத்துக்கு 2C98. ஒரே பாஷையின் ரெண்டு எழுத்துக்கு நடுவே எதற்கு இவ்வளவு தூரம் என்று மடக்கினேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள். காப்டிக்கில் பெரும்பாலானவை கிரேக்க எழுத்தைப் பார்த்துச் செய்தவை. அவற்றுக்குக் கிரேக்கத்தின் நம்பரே போதும் என்று முதலில் விட்டுவிட்டார்கள். எகிப்தின் சொந்த எழுத்து ஏழுக்கு மட்டும் கிரேக்கத் தெருவிலேயே தனி நம்பர் கொடுத்தார்கள். பிற்பாடு மற்றவற்றுக்கும் தனி நம்பர் வேண்டுமென்று ஒரு புதுத் தெருவே போட்டார்கள். இவளுடைய பழைய ஃபாண்ட்டுக்குப் பழைய தெருதான் தெரியும்.

ஆக, சொந்த ஊர்க்காரன் அடுத்தவன் தெருவில், இரவலாக வந்தவன் தனித் தெருவில். இது நன்றாகப் படித்தவர்கள் செய்த வேலைதான் என்றேன்.

புது ஃபாண்ட் ஏற்றினாள். கட்டம் இருந்த இடத்தில் எழுத்து வந்தது. பார்த்தால் இங்கிலீஷ் எம் மாதிரியே இருக்கிறது. நான் நம்பவில்லை. போனைத் திரைக்கு நேரே பிடித்துப் பெண்ணையே பார்க்கச் சொன்னேன். அவள் கை தட்டிய பிறகுதான் மிஷினை ஓட்ட விட்டேன்.

பன்னிரண்டு கட்டங்களையும் நானே பிளேடு வைத்துப் பிரிக்க உட்கார்ந்தேன்.

"மெதுவாங்கய்யா. துணி கிழிஞ்சா அதையுங் கம்ப்யூட்டர் மேல போட்டுருவீங்க" என்று டீயை வைத்துவிட்டுப் போனாள் ரம்ஷா.

பதினொன்று பிரித்து முடித்தபோது எகிப்திலிருந்து சேதி வந்தது. கட்டம் போட்டதில் ஒன்றை அப்படியே அனுப்ப வேண்டுமாம். அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று போட்டு நாற்பதை முழுசாக்கி, கட்டத்தைத் தனியாக மடித்து வைத்து, மறுநாள் பார்சலை ஏற்றினோம்.

புருஷனோடு சண்டை வருகிற நாளில் மரியம் அந்தக் கட்டம் போட்ட விரிப்பைத்தான் மேஜையில் போடுவாளாம். ஷெனூடாவை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.