நடு லைட்டு யார் லைனில்?

மயிலாப்பூரில் சக்கரம் சம்பந்தப்பட்ட விஷயங்களில், பங்குனித் தேருக்கு அடுத்தபடியாக மிக முக்கியமான அறிவிப்பு, ஆவணி மாதத்தில் ஒரு நாள், காப்பிக்கும் குளியலுக்கும் நடுவே வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் திரு. சுப்பராமன், வங்கி மண்டல மேலாளர், ஓய்வு. வெளியான இடம் ‘மாதவ விலாஸ்’ என்ற வாட்ஸப் குழு. அவரையும் சேர்த்து உறுப்பினர்கள் நான்கு பேர்.

“குடும்பத்தாரின் ஒற்றுமையையும் பரஸ்பர நல்லெண்ணத்தையும் முன்னிட்டு, பேருந்து ஒன்று கையகப்படுத்தப்பட்டு, நால்வர் படுத்துறங்கும் வசதியுடன் நடமாடும் இல்லமாக மாற்றியமைக்கப்பட்டு வருகிறது. மின் இணைப்புப் பணிகள் நிறைவுற்றதும் முதல் பயணம் மாமல்லபுரம் நோக்கித் தொடங்கும். அனைவரும் ஒத்துழைப்பு நல்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

அக்கா ஜெயலக்ஷ்மி கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினாள். தம்பி ஸ்ரீவத்சன் கட்டைவிரலை உயர்த்தினான். கடைசித் தங்கை ஸ்ரீலக்ஷ்மி, மஞ்சள் ரோஜாவுக்குப் பக்கத்தில் ‘இனிய காலை வணக்கம்’ என்று எழுதிய படத்தை அனுப்பினாள். அது அறிவிப்புக்குப் பதிலா, தினமும் அனுப்புவதா என்று சுப்பராமன் வெகுநேரம் யோசித்துவிட்டு, பதில் என்றே எடுத்துக்கொண்டார்.

இந்த மூன்று பேரும் அமெரிக்காவில் இல்லை. அதே கட்டடத்தில்தான் இருந்தார்கள்.

அப்பா கட்டிய வீட்டைப் பில்டரிடம் கொடுத்து, இடித்து, மாடிக்கு ஒன்றாக நாலு ஃபிளாட் வாங்கிக்கொண்ட குடும்பம் அது. ஆளுக்கொரு மீட்டர் வாங்கிக்கொடுத்த பில்டர், பொதுவுக்கென்று ஒன்று வாங்க மறந்துவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, போன் நம்பரை மாற்றிக்கொண்டார். தண்ணீர் மோட்டாருக்கு நாலு பக்கம் திரும்பும் சுவிட்ச் ஒன்று வைத்து மாதம் ஒருவர் என்று சமாளித்தார்கள். மாடிப்படி விளக்கு யார் மீட்டரில் என்பது மட்டும் தீரவில்லை. ஹோல்டர் இருந்தது. பல்பு இருந்தது. ஒருமித்த கருத்து இல்லை. இருட்டிய பிறகு எல்லோரும் போனில் டார்ச் அடித்துக்கொண்டு ஏறினார்கள்.

மனைவி இறந்த பிறகு மூன்றாம் மாடியில் சுப்பராமன் தனியாக இருந்தார். கீழே ஸ்ரீவத்சன் வீட்டுக் குக்கர் சத்தத்திலிருந்து அன்றைக்குப் பருப்பா, கிழங்கா என்று சொல்லிவிடுவார். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பல காலம் ஆகிவிட்டது. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போன் செய்யும் பெண்களிடம் அவர் இப்போதெல்லாம் உடனே வேண்டாம் என்று சொல்வதில்லை. வட்டி விகிதம் கேட்பார், கிளை எங்கே என்று கேட்பார், மேலாளர் பெயரைக் கேட்பார். பாவம், அந்தப் பெண்களே அவசரமாக வைத்துவிடுவார்கள்.

அப்படி ஒரு போன் வைக்கப்பட்ட மத்தியானத்தில்தான் பஸ் யோசனை வந்தது. பழைய வீட்டுக் கூடத்தில் ஒரே ஃபேனுக்குக் கீழே நாலு பேரும் படுப்பார்கள். காற்று யார் பக்கம் என்று தினமும் அடிதடி. சுப்பராமனுக்கு அந்தப் படுக்கை வேண்டியிருந்தது, அடிதடி வேண்டாம். இதற்கு ஒரு நிர்வாகத் தீர்வு இருக்கும் என்று அவர் மனதார நம்பினார்.

பஸ், ஏதோ ஒரு கல்லூரி கழித்துக்கட்டியது. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் ஒரு ஷெட்டில் நின்றது. சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு இரண்டாக நாலு படுக்கை போட்டாகிவிட்டது. மின்சாரத்துக்கு அப்துல் சமத். சினிமாக்காரர்களின் கேரவன்களுக்கு வயரிங் செய்தவர் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சில் பெரும்பகுதி அவர் பேசியதுதான்.

சமத் கூரைத் தகட்டைக் கழற்றியதும் உள்ளிருந்து வயர்கள் கொத்தாகச் சரிந்தன.

“சார், இது வயரிங் இல்ல சார், இடியாப்பம். எலி உள்ள குடும்பம் நடத்திக்கினு இருந்துருக்கு. மொத்தத்தையும் உருவிப் போட்டுட்டு புச்சா இழுத்துரலாம். எத்தினி பேரு சார் படுக்கறது?”

“நாலு பேர்.”

“வீட்டம்மா, பசங்களா?”

“கூடப் பொறந்தவா.”

சமத் ஸ்குரூ டிரைவரை இறக்கிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கூடப் பொறந்தவங்களோட டூரா? தில்லுதான் சார் உங்களுக்கு.”

“நீங்க வேலையைப் பாருங்கோ.”

“பாக்கறேன் சார். பெரிய பேட்டரியா வெச்சு, ஒரே ஃப்யூஸ் பாக்ஸ், அதுலேந்து எல்லாத்துக்கும் லைன். முடிஞ்சுது. ஹீரோ கேரவன்லயே அப்படித்தான் போட்டேன். கண்ணாடி சுத்தி பல்பு போட்டேன் பாருங்க, டைரக்டர் வந்து...”

“அதெல்லாம் சரிப்படாது. ஆளுக்கொரு பேட்டரி. ஆளுக்கொரு ஃப்யூஸ். ஆளுக்கொரு ஃபேன், ஒரு லைட், ஒரு சார்ஜர் பாயிண்ட். ஒருத்தர் லைனுக்கும் இன்னொருத்தர் லைனுக்கும் சம்பந்தமே இருக்கப்படாது. எவா பேட்டரி இறங்கினாலும் அது அவா பாடு. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்கோ.”

“இது பஸ்ஸா சார், அபார்ட்மெண்டா?”

சுப்பராமன் நாலு விரலை நீட்டிக் காட்டினார்.

“சரி சார், நீங்க சொன்னா போட வேண்டிதான். ஆனா மைனஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான். அது பஸ் பாடில போய் சேந்துரும்.”

“அதையும் தனித்தனியா பிரிக்க முடியாதா?”

“பாடி ஒண்ணுதான சார் கீது!”

மண்டல மேலாளராக இருந்தவருக்கு இது ஒழுங்கீனமாகப் பட்டது. ஆனாலும் வேறு வழியில்லை என்று ஒப்புக்கொண்டார். படுக்கைக்குப் படுக்கை பெயர் அச்சடித்த சீட்டு ஒட்டினார். ஜெயலக்ஷ்மிக்குப் படிக்கட்டுப் பக்கம், முழங்கால் வலி. ஸ்ரீவத்சனுக்கு ஜன்னல், அவனுக்கு எப்போதும் ஜன்னல்தான். ஸ்ரீலக்ஷ்மிக்கு உள்பக்கம், சின்ன வயதில் இருட்டென்றால் பயப்படுவாள். இதையெல்லாம் அவர் யாரையும் கேட்காமல் நினைவிலிருந்தே எழுதினார்.

தினமும் ஷெட்டுக்கு வந்து மேற்பார்வை என்ற பெயரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சமத் பேசிக்கொண்டே இருந்தார். ஹீரோ, ஹீரோவின் நாய், நாய்க்குப் போட்ட ஏ.சி. சுப்பராமன் எரிச்சலுடன் கேட்டுக்கொண்டே இருந்தார். சமத் வராத ஒரு வெள்ளிக்கிழமை அவரும் போகாமல் இருந்திருக்கலாம். போனார். பூட்டிய ஷெட்டுக்கு எதிரே டீ குடித்துவிட்டு வந்தார்.

வேலை முடியும் தறுவாயில் சமத் கேட்டார்:

“சார், நடுவுல நடக்கற எடத்துக்கு ஒரு லைட்டு வேணும். படிக்கும் சேத்து. எந்த லைன்ல குடுக்கட்டும்?”

சுப்பராமன் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்வி அவருக்குத் தெரிந்த கேள்வி.

“ஒங்க லைன்லயே தட்டிரட்டுமா?”

“கூடாது. ஒரு தடவை என் லைன்ல போட்டா அப்புறம் அது என் கடமைன்னு ஆயிடும். கொள்கைப் பிரச்சினை.”

“எல்.ஈ.டி சார். கரண்டே குடிக்காது.”

“கரண்ட் பெரிசில்லை. முன்னுதாரணம்னு ஒண்ணு இருக்கு.”

சமத்துக்கு முன்னுதாரணம் புரியவில்லை. ஹீரோ கேரவனில் அப்படி எதுவும் இருந்ததில்லை.

குழுவில் கருத்துக் கேட்கப்பட்டது. அக்கா எழுதினாள்: “நான் சீக்கிரம் தூங்கிடுவேன். எனக்கு எதுக்கு?” தம்பி எழுதினான்: “மத்தவா எல்லாரும் ஒத்துண்டா எனக்கும் ஆட்சேபணை இல்லை.” தங்கை வெள்ளை ரோஜா அனுப்பினாள். விளக்கு ஒத்திவைக்கப்பட்டது.

சனிக்கிழமை சாயங்காலம், ஹெவி லைசென்ஸ் வைத்திருந்த சமத்தே பஸ்ஸை ஓட்டிவந்தார். வீட்டுத் தெருவில் நுழையாது என்பதால் நாகேஸ்வர ராவ் பூங்கா ஓரமாக நிறுத்தினார். மறுநாள் காலை பயணம். முன்னதாக வந்து பார்வையிடுமாறு அனைவருக்கும் அழைப்பு போயிருந்தது. ஸ்ரீவத்சனுக்குக் கச்சேரி டிக்கெட் இருந்தது. ஸ்ரீலக்ஷ்மிக்குத் தலைவலி. அக்கா வந்தாள்.

பூங்காவில் நடை பழகுகிறவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அக்கா கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறினாள். தன் பெயர்ச் சீட்டைத் தடவிப் பார்த்தாள். படுக்கையில் உட்கார்ந்தாள்.

“மெத்தை நன்னா இருக்குடா.”

சுப்பராமனின் முகம் மலர்ந்தது. வங்கியில் எந்தத் தணிக்கையாளரும் அவரை இப்படிப் பார்த்ததில்லை. “உன் சுவிட்ச் தலைமாட்டுல. ஃபேனைப் போடு.”

அக்கா போட்டாள். ஃபேன் விர்ரென்று சுற்றியது. கொஞ்ச நேரம் முகத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

“காத்தை அது எடுத்துண்டுன்னா போறது?”

சமத் ஓடிவந்தார். “பிளஸ் மைனஸ் மாறிப்போச்சும்மா, ரிவர்ஸ்ல சுத்துது. ரெண்டு நிமிஷம்.”

“ஹீரோவுக்கும் இப்படித்தான் சுத்தித்தா?” என்றார் சுப்பராமன்.

அக்கா சிரித்தாள். பழைய கூடத்துச் சிரிப்பு அது, அவரும் சிரித்தார். “பின்னாடிதான் வத்சனுக்கு, ஜன்னல் பக்கம். வந்து பாரேன்,” என்று கூப்பிட்டார். அக்கா எழுந்து இரண்டடி வைத்தாள். நடுவில் கருகும்மென்று இருந்தது. தரையில் சமத்தின் கருவிப்பை இருந்ததோ என்னவோ, கால் இடறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“லைட்டைப் போடுடா.”

“அது... இங்க இன்னும் போடலை. யார் லைன்லன்னு முடிவாகலையே.”

அக்கா இருட்டில் அவர் பக்கம் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தா விழுந்துதான் சாகணும். நான் வரலைடா சுப்பு. நீ போயிட்டு வா.”

சமத் டார்ச் அடிக்க, அக்கா ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

அவள் முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுப்பராமன் சொன்னார்: “என் லைன்ல போடுங்கோ.”

“மின்னாடியே சொன்னேன்ல சார்? ஒரே ஒரு வயரு,” என்றார் சமத். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. நாலு மெத்தை, நாலு தலையணை, நாலு பெயர்ச் சீட்டு எல்லாம் நன்றாகத் தெரிந்தன. அவர் உடனே அக்காவுக்குப் போன் செய்தார்.

“அக்கா, லைட் போட்டாச்சு.”

“யார் லைன்ல?”

“என் லைன்லதான்.”

“நல்லது. வத்சன்கிட்டயும் சொல்லிடு. அப்புறம் அவன் தலையில கட்டிட்டோம்னு சொல்லப்போறான்.”

“நாளைக்கு வரியோன்னோ?”

“இப்பத்தான் படியெல்லாம் ஏறி வந்து உக்காந்தேன். முழங்கால் விண்ணு விண்ணுங்கறது. இன்னொரு தடவை பாக்கலாம்டா.”

போனை வைத்துவிட்டாள். கிரெடிட் கார்டுப் பெண்களைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் வைத்தாள்.

சமத் இரண்டு படுக்கைக்கு நடுவே நின்று காதைச் சொறிந்தார். “அப்ப நாளைக்கு எத்தினி பேரு சார்?”

“ஒருத்தர்தான்.”

இந்த முறை சமத் ஹீரோவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கீழே குனிந்து மூன்று பேட்டரிகளின் வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். “சும்மா இருந்தா சார்ஜ் எறங்கிரும் சார். ஒங்க லைன மட்டும் உட்டுவெச்சுக்கீறேன்.”

சுப்பராமன் எரிகிற விளக்கைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். “பொது விளக்கு தொடர்பான பிரச்சினை சுமுகமாகத் தீர்த்துவைக்கப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.” உடனுக்குடன் மூன்று கட்டைவிரல்கள் உயர்ந்தன. ஸ்ரீலக்ஷ்மிகூட ரோஜா அனுப்பவில்லை. குடும்ப வரலாற்றில் இத்தனை விரைவில் ஒருமித்த கருத்து உருவானது இதுவே முதல் தடவை.

அவர் வீட்டுக்கு நடந்தார். கேட்டைத் திறந்து உள்ளே போய், போனை எடுத்து டார்ச்சைப் போட்டார்.

மாடிப்படியில் விளக்கு இல்லை.