கழிக்கருது

மாரப்பனின் கை நடுங்கியது. கறந்த பாலைத் தொழுவத் தரையிலேயே கொட்டிவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, என்ன பண்ணுதுங்க?" என்று நாச்சம்மாள் ஓடி வந்தாள்.

"நெஞ்சுக்குள்ள ஒலக்கை போட்டு இடிக்கிறாப்ல இருக்குது புள்ள."

இளைப்பு அவருக்குப் பழகிய நோய். வைக்கோல் தூசி பட்டால் தும்மல், தும்மலின் பின்னாலேயே இழுப்பு. ஆனால் இன்று இழுப்பே இல்லை. நெஞ்சு மட்டும் பனியனுக்கு மேலே தெரிகிற மாதிரி அடித்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் நாச்சம்மாள் மாத்திரைப் பொட்டலங்களைத் தேடி எடுத்தாள். காலையிலும் மதியமும் மாத்திரை எடுத்துக் கொடுத்தது அவள் கைதானே.

பால் வாங்க வந்த பக்கத்துக் கடை ஐசும்மா சொம்பை அப்படியே வைத்துவிட்டாள். "என்ன மாத்திரை குடுத்தே அம்மணி?"

"நேத்து இவுங்க ஆஸ்பத்திரியில ஊசி போட்டுப் படுத்திருந்தாங்க. தும்மலுக்கும் இளைப்புக்கும் சேத்து ஒரே மாத்திரைன்னு நர்ஸம்மா எங்கிட்டக் குடுத்தாங்க. பழசையும் விடக் கூடாதுன்னாங்களே அக்கா!"

"அந்தம்மா சொன்னதை அப்படியே சொல்லு."

நாச்சம்மாள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். எல்லை தாண்டி மலையாள மண்ணிலிருக்கும் மீனாட்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தட்டுத்தடுமாறிச் சொன்னாள்: "பழய குளிக கழிக்கருது."

ஐசும்மாவின் முகம் வெளுத்தது. "யா அல்லா! மலையாளத்துல மருந்தைக் கழிக்கறதுன்னா திங்கறது அம்மணி. பழைய மாத்திரையைத் திங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்குது!"

நாச்சம்மாள் தலையில் கைவைத்தாள். கழித்துவிடாதே, நிறுத்திவிடாதே என்றல்லவா கேட்டது காதில்!

பாலெடுக்க வந்த சொசைட்டி ஜீப்பை ஐசும்மா நடுரோட்டில் நின்று மறித்தாள். டிரைவர் கேன்களை இறக்கிவைத்து இடம் பண்ணினார். ஐசும்மா கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் மாரப்பன் ஓங்கரித்தார். முந்தானையில் முடிந்த இரண்டு மாத்திரைப் பொட்டலங்களையும் பிடித்தபடி நாச்சம்மாள், 'மாரியாத்தா, என் கையால அவரு போயிரக் கூடாது' என்று அதையே திரும்பத் திரும்ப வேண்டினாள். மறு கையை ஐசும்மா விடவே இல்லை.

டாக்டர் இரண்டு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தார். "பழசில் இருக்கிற மருந்து புதுசிலும் உண்டு. ரெட்டிப்பாய் உள்ளே போயிருக்கு. கொண்டுவந்தது நல்லதாச்சு."

நாடி நிதானத்துக்கு வரப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை நாச்சம்மாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

விஷயம் கேட்டு அதே நர்ஸ் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஐசும்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டு வந்து, பழைய மாத்திரையைத் தன் வாயருகே கொண்டுபோய்க் கூடாது என்று தலையாட்டினாள்.

"திங்காதே. திங்காதே. செரியா?"

"நல்லாப் போச்சு, சிஸ்டருக்குத் தமிழ் வந்துருச்சு" என்றார் மாரப்பன், படுக்கையிலிருந்து ஈனக்குரலில்.

நாச்சம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நர்ஸ் அவளை விடவில்லை. நீ சொல்லு என்று சைகை காட்டினாள்.

"டாக்டரு சொன்னதுக்கப்புறம் புதுசு மட்டும். பழசைத் திங்கக் கூடாது."

"ஒரிக்கல் கூடி" என்றாள் நர்ஸ்.

நாச்சம்மாள் இன்னொரு தரம் சொன்னாள். இந்த முறை குரல் நடுங்கவில்லை.