புகையிலை: உண்டு

1

இந்தக் கதை என் கைப்பழக்கத்தில் பிறந்தது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திசுப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் டைப் அடிப்பது என் வேலை. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வாய், தொண்டை என்று வந்து ‘புகையிலை’ என்ற கட்டம் காலியாக இருந்தால், யாரையும் கேட்காமல் ‘உண்டு’ என்று அடித்துவிடுவேன். அப்படி அடித்த ஓர் எண் என் மாமாவுடையது. அக்காவின் கணவர், தையல்காரர்.

2

முதல் வரி: ‘தையல்காரர் கடைசி சிகரெட்டை...’

[கோடு போட்டு அடித்துவிட்டேன். மனுஷனுக்கு அந்த வாடையே ஆகாது.]

இரண்டாவது முயற்சி: ‘தையல்காரருக்குத் தன் காலர் பட்டனே ஒருநாள் எட்டவில்லை.’ இது நடந்தது. தையலில்தான் தப்பு என்று காலரைப் பிரித்து மறுபடி தைத்தார். தப்பு கழுத்தில் இருந்தது. கட்டி, டான்சிலில் ஆரம்பித்த புற்று.

ரிப்போர்ட்டைப் படித்த அக்கா மூன்று வாரம் அவர் சட்டைகளை மோந்து பார்த்தாள்.

“என் கண்ணுல மண்ணத் தூவிட்டு ஊதியிருக்கீங்க!”

“சத்தியமா இல்லடி.”

நான் டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு வைரஸ் பரிசோதனை செய்தார்கள். எச்.பி.வி. என்ற வைரஸ் இருந்தது.

3

(கட்டுரை எட்டிப் பார்க்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வாய்க்குள் வரும் புற்றுக்குப் பெரும்பாலும் புகையிலைதான் காரணம். டான்சில், நாக்கின் அடிப்பகுதி என்று பின்னால் போனால் இந்த வைரஸின் கை ஓங்குகிறது. உடலுறவில் தொற்றுவது; மிகச் சாதாரணம். பலருக்கு வந்த சுவடு தெரியாமல் போய்விடும். சிலரிடம் மட்டும் வருஷக்கணக்கில் தங்கிவிடுகிறது. ஏன் இவரிடம்? எனக்கு அடங்காத ஆர்வம். அக்காவுக்கு வேறு கேள்வி.)

4

“யாருகிட்டேருந்து வந்துச்சு?” என்று டாக்டரிடமே கேட்டாள்.

“சொல்ல முடியாதும்மா. கல்யாணத்துக்கு முன்னாடியே வந்திருக்கலாம். ஆனா இந்த வகை, சிகிச்சைக்கு நல்லாக் கேக்கும்.”

நல்ல செய்தி அவள் காதில் ஏறவில்லை. வெளியே வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

“நீ முதல்ல அடிச்சதே நெசமா இருந்திருக்கலாம்டா. சிகரெட்டுன்னா நாலு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன்.”

எனக்கு அழுகை வந்தது.

5

முடிவு அ: அக்கா அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். [சினிமா.]

முடிவு ஆ: அக்கா பெட்டியோடு கிளம்பி...

[என்னால் எழுத முடியாது. அவள் என் அக்கா.]

நாளைக்கு ரேடியேஷன் தொடங்குகிறது, ஏழு வாரம். தொண்டை புண்ணாகும், கூட ஆள் வேண்டும். படிவத்தில் எல்லாவற்றையும் அக்காதான் எழுதியிருக்கிறாள், அவர் கழுத்தளவு உட்பட. அதை யாருமே கேட்கவில்லை. ‘உடன் வருபவர்’ என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

“நீயே எழுதுப்பா. கட்டம் நிரப்புறது உனக்குப் பழக்கம்தானே?”

பேனாவை மூடி வைத்துவிட்டேன். காலிக் கட்டத்தை இனி நான் கேட்காமல் நிரப்புவதில்லை. அக்கா அடுத்த அறையில்தான் இருக்கிறாள், கதவு தாழிடவில்லை. எனக்குத் தைரியமில்லை, நீங்கள் போய்க் கேளுங்கள்.

உடன் வருபவர்: