மூன்றாம் புரி

பாபநாசம் மலையடிவாரத்துப் பஞ்சு மில்லில் இரவு வேலையை நான் பாதியில் விட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரு நாள் மணி அடித்தது, எல்லோரும் உள்ளே போனார்கள், என் கால் போகவில்லை. பாளையங்கோட்டைக்கு வந்து அக்காள் வீட்டில் எட்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். ஒன்பதாம் நாள் அக்காள் புருஷன் அப்பாத்துரை என் பாயைச் சுருட்டினார். அவர் மிஷன் லேஸ் கூடத்தில் குமாஸ்தா.

"மாப்ளே, கூடத்துல பொம்பளைங்க லேஸ் பின்னும்போது கதை வாசிக்க ஆள் வேணுமாம். நீ எட்டாம் வகுப்பு படிச்சிருக்க. ஒன் தொண்டையும் சும்மாதான கெடக்கு?"

"எனக்குக் கதை பிடிக்காது அத்தான்."

"ஒனக்கு எதுதான்லே பிடிச்சிருக்கு? ஒரு மாசம் பாப்பாங்க. அவங்களுக்கு ஒன் வாசிப்பு பிடிக்கணும், லேசும் ஒழுங்கா வரணும். ரெண்டுல ஒண்ணு தப்புனாலும் மறுபடி ராத்திரி மில்லுதான். மேஸ்திரிக்கு எழுதிக் கேட்டுட்டேன். ஒன் எடம் அப்படியே இருக்காம்."

அந்தக் கடைசிச் செய்தியை அவர் ஆறுதலாகச் சொன்னார்.

இது டில்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்ததற்கு அடுத்த வருஷம். கூடத்தில் பதினெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு உருண்டைத் திண்டு மடியில் இருக்கும். அதன்மேல் புள்ளி குத்திய காகிதம், புள்ளிக்கு ஒரு குண்டூசி, சுற்றிலும் நூல் சுற்றிய மரக்குச்சிகள். குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டு இழுத்தால் பின்னல் விழும். இழுப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். கூடிவிட்டால் ஊசியைப் பிடுங்கியதும் லேஸ் பட்டை அந்த இடத்தில் சுருங்கிக்கொள்ளும். பெண்களுக்கெல்லாம் எழுத்துத் தெரியும். ஆனால் கை காலியாக இல்லாததால் காதுதான் படித்தது.

முதல் வரிசையில் முதல் திண்டு சாலோமியக்காளுடையது. பதினோரு வருஷமாக அங்கே கதை கேட்டவள். நான் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏலே தேவதாசா, ஒக்காரு. ஒனக்கு முன்னால இந்த முக்காலியில மூணு பேரு ஒக்காந்து எழும்பிட்டாங்க. மொதல்ல எலியேசர் உபதேசியாரு. கதையில ஒருத்தி கதவத் தொறந்தான்னா, அதுக்கு மூணு தலைப்பு வச்சி விளக்கம் சொல்லுவாரு. அவ உள்ள போறதுக்குள்ள எங்களுக்கு மத்தியானச் சோறு வந்திரும்."

"ரெண்டாவது?"

"பள்ளிக்கூட வாத்தியாரு. ஆளுக்கொரு கொரல்ல வாசிக்கேன்னு வந்தாரு. பொம்பள பேசுனா வெள்ளாட்டுக் குட்டி. அந்தக் கதையில அஞ்சு பொம்பளைக. ஒரே ஆட்டு மந்தை."

"ஒரு நாளு அவரே எது எந்த ஆடுன்னு மறந்துட்டாரு" என்றாள் பக்கத்துத் திண்டிலிருந்த பாக்கியவதி. "மாமியாளுக்கு மருமகள் கொரலக் குடுத்து, அவளே அவளத் திட்டிக்கிட்டா."

"மூணாவது ஆளு வாயில கருப்பட்டியை அதக்கிக்கிட்டு வாசிப்பாரு. அதக்கூடப் பொறுத்துக்கிட்டோம். ஆனா அடுத்த வரிய முன்னாலேயே கண்ணால பாத்துட்டு லேசா சிரிப்பாரு. நாங்க இங்கன நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு இருக்கோம், அவரு மூஞ்சி 'பொழச்சிருவா'ன்னு சொல்லிரும். அப்புறம் என்னத்துக்குக் கதை? சரி, நீ வாசி."

வாசித்தேன். மில்லில் நூலறுந்த கணக்கை மேஸ்திரியிடம் ஒப்பிப்பதுபோல ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் வாசித்தேன். கிருபாவதி என்ற அநாதைப் பெண்ணை நாகமாணிக்கம் என்பவன் அவள் நிலத்துக்காகத் துரத்துகிற கதை. அவள் முதல் அதிகாரத்திலேயே நான்கு தடவை அழுதாள்.

முடித்ததும் நிமிர்ந்து பார்த்தேன்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"பிரேத விசாரணை ரிப்போட்டு கேட்ட மாதிரி இருந்துச்சி" என்றாள் சாலோமியக்காள்.

ஆனால் லேஸ் நன்றாக வந்தது. பதினெட்டுப் பட்டையும் அச்சில் வார்த்ததுபோல. கூடத்தை நடத்திய மிஸியம்மா இங்கிலாந்திலிருந்து வந்தவள். வேதப் புத்தகத்தை வைத்தே தமிழ் கற்றவள். பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது சமமும் செம்மையுமாயிருக்கிறது" என்றாள். இரண்டில் ஒன்று தேறியது. மற்றதற்கு வழி தெரியவில்லை. மூன்றாம் வாரம் பெண்கள் அத்தானிடம் போய், வேறு ஆள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். அத்தான் வீட்டில் சோறு போடும்போது சொன்னார், "மேஸ்திரிக்கு மறுபடி ஒரு கார்டு போட்டு வைக்கவா?"

மறுநாள் சாலோமியக்காளிடம் நேரடியாகக் கேட்டேன். "என்ன குறை?"

"சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லல. அழவும் சொல்லல. அவ எக்கேடும் கெட்டுப் போனா ஒனக்கென்னன்னு வாசிக்கே பாரு, அதான் குறை. ஒன் மில்லுல ஒண்ணுக்குக்கூடப் பயந்தது இல்லையாலே நீ?"

பயந்தது உண்டு. நூல் நூற்கும் நூறு கதிர் சுற்றும் இரைச்சலில் ஒன்றில் நூல் அறுந்தால், சத்தத்தில் ஒரு ஓட்டை விழும். அந்த ஓட்டை காதில் விழுந்ததும் முதுகு சில்லிடும். அடுத்தது மேஸ்திரியின் கை.

அன்று ஏழாம் அதிகாரம். கிருபாவதி பாழுங்கிணற்றில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறாள். மேலே நாகமாணிக்கம் அரிவாளால் கயிற்றைப் புரி புரியாக அறுக்கிறான். மூன்று புரி முறுக்கிய கயிறு. குரலை மாற்றவில்லை. "முதல் புரி அறுந்தது" என்று வாசித்து, அந்த ஓட்டையை விட்டேன். மூச்சு விடும் நேரம்தான். பதினெட்டுப் பேர் குச்சியும் ஒருசேர இறுகுவது கேட்டது. இரண்டாம் புரிக்கு இன்னும் கொஞ்சம் நீளமாக விட்டேன். "மூன்றாம் புரியில் அரிவாள் பட்டது" என்று அதிகாரம் முடிந்தது. அந்தத் தடவை ஓட்டையை மூடவேயில்லை. புத்தகத்தை மட்டும் மூடினேன்.

"பாவிப்பய" என்றாள் பாக்கியவதி. அவள் சொன்னது நாகமாணிக்கத்தையா என்னையா என்று தெரியவில்லை.

சாலோமியக்காள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்பத்தான்லே வாசிச்சே."

ஊசிகளைப் பிடுங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. பதினெட்டுப் பட்டையிலும் ஒரே இடத்தில், இரண்டங்குலத்துக்குள் பட்டை சுருங்கி மூன்று இடுப்பு. ஒன்றைவிட ஒன்று ஒடுக்கம். மிஸியம்மா ஒரு பட்டையை எடுத்தாள்.

"ஸ்திரீகளே, இது என்ன? இங்கே விரிந்தும் அங்கே ஒடுங்கியும் இருக்கிறதே. இதற்குக் காரணமானவன் யார்?"

பதினெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். சாலோமியக்காள் மட்டும் பட்டையை விரலால் தடவி உதவி செய்தாள். "இது மொதப் புரிம்மா. இது ரெண்டாவது. இங்கன பாருங்க, அரிவா பட்ட எடம்."

அத்தான் அன்று கார்டு வாங்கி வந்துவிட்டார். ஆனால் சென்னைக்குப் போக வேண்டிய பெட்டி அன்றே கட்ட வேண்டியிருந்தது. வேறு லேஸ் இல்லாததால் மிஸியம்மா அதையே ஜெபம் செய்து அனுப்பினாள். பதில் வரும்வரை கதைப் புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைத்தாள். பத்து நாளில் பதில் வந்தது. அங்கே ஒரு துரைசானிக்கு அந்த இடுப்பு மிகவும் பிடித்துவிட்டது. அதே மாதிரி அறுபது கெஜம் வேண்டும்.

முதலில் கதை இல்லாமலே செய்து பார்த்தார்கள். மிஸியம்மா மணி அடிப்பாள், எல்லோரும் இழுப்பார்கள். வந்த இடுப்பு கயிறு கட்டிய சாக்குமாதிரி இருந்தது. மிஸியம்மா என்னைக் கூப்பிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தேவதாசனே, அந்த அதிகாரத்தையே வாசி. அறுபது கெஜம் நிறைவேறும்வரைக்கும் எட்டாம் அதிகாரத்தைத் திறவாதே. முடிவை அறிந்தால் இவர்கள் கைகள் தளர்ந்துபோம். தளர்ந்தால் நீயும் போவாய்."

காலையில் இரண்டு தடவை, மத்தியானம் இரண்டு தடவை. இராத்திரி மில்லில்கூட ஒரே நூல் இத்தனை தடவை அறுந்ததில்லை. ஆறாவது வாசிப்பில் பாக்கியவதி கொட்டாவி விட்டாள். சாலோமியக்காள் பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு மொதப் புரிய வெரசா அறுத்துரு. எதிர்பாக்காம அறுக்கணும். மூணாவதைப் பைய."

மறுநாள், "நேத்து ரெண்டாம் புரியில நீ இருமிட்ட. எட்டுத் திண்டு கெட்டுப்போச்சி." அதற்கு மறுநாள், "அவனுக்கு அவ மேல ஒரு இரக்கம் வந்த மாதிரி வாசிச்ச. அப்படி ஒண்ணும் அவன் நல்லவன் கெடையாது." முப்பதாவது தடவையில், "பரவால்ல. கொஞ்சம் தேறிட்டே" என்றாள்.

முப்பத்திரண்டாவது தடவை, சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து மத்தியான மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மிஸியம்மா பங்களாவுக்குப் போய்விட்டாள். பாக்கியவதி போய் வாசற்கதவைச் சாத்தினாள்.

"எட்டாம் அதிகாரம்" என்றாள் சாலோமியக்காள்.

"அக்கா, என் வேலை போயிரும்."

"நீ வாசிக்காட்டா நாங்க குச்சியத் தொடமாட்டோம். அப்பவும் போயிரும். அந்தப் பிள்ள மூணு வாரமா கெணத்துல தொங்குது. ராத்திரி கண்ண மூடுனா கயித்துச் சத்தம் கேக்கு. வாசிலே."

இரண்டு பக்கமும் மில்தான் என்றால், கேட்பவர்கள் இருக்கும் பக்கம் போகலாம் என்று தோன்றியது. தவிர, எனக்கும் தெரியாது. ஒருநாளும் பக்கத்தைத் திருப்பியதில்லை. நான் அறிந்தால் என் குரல் தளர்ந்துவிடுமே என்ற பயம்.

திருப்பினேன். "மூன்றாம் புரியும் அறுந்தது" என்று வாசித்து ஓட்டையை விட்டேன். வேலையில்லாத முப்பத்தாறு கைகள் முந்தானைகளைப் பிடித்தன. அடுத்த வரியை வாசித்தேன்.

"கிருபாவதி ஒரு முழம் கீழே விழுந்து நின்றாள். ஏனெனில் அது கோடைகாலமாகையால் கிணறு வற்றி, தூர்ந்து மேடாயிருந்தது."

பிடித்த முந்தானைகள் நழுவின.

"ஒரு முழமா?" என்றாள் பாக்கியவதி.

"ஒரு முழம்."

"காலை நீட்டிப் பாத்திருக்கலாமே அந்த மூதி!"

சாலோமியக்காள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, அந்த வரியைத் தன் கண்ணால் ஒரு தடவை படித்தாள். மூடிக் கொடுத்தாள். "வாசிச்சவன் மேல குத்தம் இல்ல" என்றாள். பதினோரு வருஷத்தில் வாசித்தவன் யாருக்கும் அவள் கொடுக்காத நற்சாட்சி அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று அதை அனுபவிக்கும் நிலையில் நான் இல்லை. வீட்டுக்குப் போய், மில்லுக்குக் கொண்டுபோகச் சட்டைகளை மடித்து வைத்தேன்.

திங்கட்கிழமை மிஸியம்மா பக்கத்திலேயே நின்றாள். ஏழாம் அதிகாரத்தை முப்பத்துமூன்றாவது தடவையாக வாசித்தேன். கொட்டாவி எப்போது வரும் என்று ஒரு காதைப் பாக்கியவதி பக்கம் வைத்திருந்தேன். முதல் புரி. குச்சிகள் இறுகின. இரண்டாம் புரி. எலிசபெத் கிழவியின் திண்டில் ஒரு நூல் பட்டென்று அறுந்தது. மூன்றாம் புரியில் பதினெட்டுப் பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள்.

மிஸியம்மா ஒரு பட்டையின் ஊசிகளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "முந்தினதைப் பார்க்கிலும் இது உத்தமமாயிருக்கிறது. தேவதாசனே, நீ இங்கே தரித்திரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் சாலோமியக்காளிடம் குனிந்து கேட்டேன். "முடிவு தெரிஞ்சும் எப்படிக்கா இந்த இழுப்பு?"

அவள் அடுத்த ஊசியைக் குத்தினாள்.

"கதை எழுதுனவன் கழுத்துன்னு நெனச்சி இழுத்தோம். நீ நிறுத்தாத. மறுபடி மொதல்லேருந்து வாசி."